கோமதிக்கு, பூங்காக் கணக்கு பற்றி

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத நினைத்தேன். வீட்டில் அவருக்குக் கண் ஆபரேஷன், அதனால் தள்ளிப்போய்விட்டது. நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் இருக்கிற பொடி எழுத்தையெல்லாம் சத்தமாகப் படித்துக் காட்டி என் உயிரை வாங்குகிறார். என் முழங்கால் பழையபடிதான். பேத்தி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள்; பிரேக் பிடிக்கத்தான் இன்னும் வரவில்லை.

பூங்காக் கமிட்டிக்கு நீ பொருளாளர் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலேஜில் ஹாஸ்டல் மெஸ் கணக்கை என் தலையில் கட்டிவிட்டு ஓடியவள் நீ! சரி, விஷயத்துக்கு வருகிறேன். கட்டப்போகும் பள்ளிக்கூடத்தை ஒட்டி இடம் கிடைக்கும், வேலைக்கான பணத்தில் ஒரு பங்கைக் குடியிருப்போர் திரட்ட வேண்டும், அது எங்கிருந்து வரும் என்று கேட்டிருக்கிறாய். வேலை பார்த்த காலம் முழுக்கக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவளிடம் கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும். திறப்பு விழா முடிந்த மறுவருஷம் தண்ணீர்க் கட்டணத்தை யார் கட்டப்போகிறார்கள்?

கட்டுவதற்குப் பணம் எப்படியாவது புரண்டுவிடும், கோமதி. அரசு மானியம் இருக்கிறது, கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் நிதி இருக்கிறது, பெரிய மனசுக்காரர்கள் இருக்கிறார்கள். கல்வெட்டில் பெயர் வரும் என்றால் ஆள் வரிசையில் நிற்பார்கள். தோட்டக்காரர் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்றவர்கள் பூங்காவைப் பராமரித்துப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு பூங்காவின் பில்களைச் சரிபார்க்க நேரில் போனேன். ஊஞ்சல் கம்பத்தில் இரண்டு சங்கிலிகளையும் மேலே சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள், பலகை இல்லை. ஏன் என்று பார்த்தால், சங்கிலி தொங்குகிற கொக்கி உரசி உரசிப் பாதியாகத் தேய்ந்திருந்தது. புதுக் கொக்கிக்கு ஆகிற செலவு ஒரு பெரிய செலவே இல்லை. ஆனால் மூலதனச் செலவுக் கணக்கில் பணம் கிடந்தது, பராமரிப்புக் கணக்கில் கிடையாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற விதி இடம் தரவில்லை. புது ஊஞ்சல் வாங்கலாம், கொக்கி வாங்க முடியாது! அந்தக் கோப்பு என்ன ஆனது என்று கேட்காதே, ஆத்திரம்தான் வரும்.

இது அந்த ஒரு அலுவலகத்தின் கோளாறு என்று நினைக்காதே. கலிபோர்னியாவில் க்விம்பி சட்டம் என்று ஒன்று உண்டு. மனைப்பிரிவு போடுகிறவர் அங்கே குடிவரப்போகும் ஒவ்வொரு 1,000 பேருக்கும் 3 ஏக்கர் என்ற கணக்கில் பூங்காவுக்கு இடம் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடான தொகையைக் கட்ட வேண்டும். ஏற்கெனவே பூங்கா அதிகம் இருக்கிற பகுதியானால் 5 ஏக்கர் வரைகூடக் கேட்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் அந்தத் தொகையைப் புதுப் பூங்கா அமைக்கவும் பழையதைப் புதுப்பிக்கவும்தான் செலவழிக்கலாம். அன்றாடப் பராமரிப்புக்குத் தொடக்கூடாது.

எனக்குத் தெரிந்து இதை முன்கூட்டியே யோசித்தவர்கள் இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகரத்துக்காரர்கள். 1992-ல் அந்த நகரத்துப் பூங்காக்களை ஒரு அறக்கட்டளையிடம் 999 வருஷக் குத்தகைக்கு ஒப்படைத்தார்கள். வெறும் நிலத்தைத் தலையில் கட்டாமல், வாடகை வருகிற கட்டடங்களையும் முதலீடுகளையும் கூடவே கொடுத்தார்கள், அன்றைய மதிப்பில் சுமார் 2 கோடி பவுண்டு. அந்த வருமானத்தில்தான் புல் வெட்டுகிறார்கள், மரம் கழிக்கிறார்கள். அசலில் கை வைப்பதே இல்லை. உங்கள் பூங்காவுக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டாம். திரட்டுகிற தொகையில் ஒரு பங்கை, ஐந்தில் ஒன்றாவது, முதலிலேயே தனி வைப்பு நிதியாகப் போட்டுவிடு. வட்டியை மட்டும் எடுக்கலாம் என்று தீர்மானத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு வை. அதனால் செயற்கை நீரூற்று போய்விடும் என்று யாராவது அழுதால் அழட்டும். நீரூற்றுதான் முதலில் நிற்கும், கொசுவுக்குத்தான் லாபம்.

நியூயார்க் சென்ட்ரல் பார்க் மாதிரி தனியார் நன்கொடையிலேயே ஓட்டிவிடலாம் என்று உங்கள் கமிட்டியில் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். 1970-களில் அந்த நகரத்தின் நிதி நிலைமை படுத்து, பூங்கா பாழாகிக் கிடந்த பிறகுதான் 1980-ல் அதைப் பராமரிக்க நன்கொடை திரட்டும் தனியார் அமைப்பே பிறந்தது. இன்று செலவில் பெரும்பகுதியை அதுதான் பார்க்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பூங்காவைச் சுற்றிக் குடியிருப்பது யார் என்று அவரைக் கேட்டுப்பார். நம்மைப் போல ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள் இல்லை.

அதைவிட பர்க்கன்ஹெட் பூங்காவின் கதைதான் எனக்குப் பிடிக்கும். 1847-ல் இங்கிலாந்தில் பொதுப் பணத்தில் திறந்த பூங்கா அது. மொத்தம் 226 ஏக்கர் வாங்கினார்கள், 125 ஏக்கரைப் பூங்காவாக்கினார்கள், மீதியை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார்கள். பூங்கா வருவதால் சுற்றியுள்ள மனையின் விலை ஏறும், அந்த ஏற்றத்தில் பொதுமக்களுக்கும் பங்கு வேண்டும் என்பதுதான் கணக்கு. உங்கள் பக்கத்திலும் பள்ளியும் பூங்காவும் வருகிறது என்று சொல்லித்தான் இனி மனைகளை விற்பார்கள். அவர்களிடம் இப்போதே போய் உட்கார். விற்று முடித்த பிறகு போனால் டீ கூடக் கிடைக்காது.

இனிப் பள்ளிக்கூடம். இதில்தான் உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது, கோட்டை விடாதே. கட்டடம் இன்னும் காகிதத்தில்தானே இருக்கிறது? அப்படியானால் கழிப்பறையைப் பள்ளிக்குள்ளும் பூங்காப் பக்கமும் இரண்டு கதவு வைத்துக் கட்டச் சொல்லலாம். பள்ளி நேரத்தில் ஒரு கதவு, மாலையில் இன்னொன்று. போர்வெல்லும் வாகனம் நிறுத்துமிடமும் பொதுவாக இருக்கலாம். பகலில் பிள்ளைகளுக்கு மைதானம், சாயங்காலமும் விடுமுறையிலும் எல்லோருக்கும். காம்பவுண்டு சுவர் எழும்பிவிட்டால் அப்புறம் அதில் ஒரு கேட் வைக்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும்.

ஆனால் வாய்ப்பேச்சில் விட்டுவிடாதே. ஒப்பந்தமாக எழுது. கேட்டின் சாவி யாரிடம், விளக்குக்கு மின்கட்டணம் யார் பெயரில், சாயங்காலம் பந்து பட்டு வகுப்பறைக் கண்ணாடி உடைந்தால் யார் செலவு, இப்படி அற்ப விஷயமெல்லாம் அதில் இருக்க வேண்டும். நல்ல தலைமையாசிரியர் இருக்கும் வரை எல்லாம் நடக்கும். அவர் மாற்றலாகிப் போன மறுநாள் கேட்டில் பூட்டுத் தொங்கும்.

இன்னொன்று. பள்ளியின் பணம் ஒரு துறையிலிருந்து வரும், பூங்காவின் பணம் வேறு துறையிலிருந்து வரும். இரண்டும் ஒரே வருஷத்தில் வராது, வந்து நான் பார்த்ததில்லை. பூங்கா முந்திக்கொண்டால், பின்னால் பள்ளி கட்ட வருகிற லாரியும் கான்கிரீட் வண்டியும் உங்கள் புல்தரை மேல்தான் ஏறும். மண் இறுகிப்போனால் வேருக்குக் காற்றும் இல்லை, தண்ணீரும் இறங்காது. அதனால் ஓரங்களில் வேலி போட்டு மரக்கன்றை முதல் வருஷமே வைத்துவிடுங்கள், கட்டடம் எழும்புவதற்குள் அதுவும் வளரும். நடைபாதை, ஊஞ்சல், சறுக்கு எல்லாம் கட்டட வேலை முடிந்த பிறகு போதும். நன்கொடை தருகிறவர்களுக்கு இந்த வரிசை பிடிக்காது. போட்டோ எடுக்க ஒன்றும் இருக்காதே!

மரத்தைச் சாலைப் பக்கம் அதிகம் வை. அழகுக்காகச் சொல்லவில்லை. பார்சிலோனாவில் 36 பள்ளிகளில் 2,593 பிள்ளைகளை ஒரு வருஷம் கவனித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளியைச் சுற்றிப் பசுமை அதிகமாக இருந்த இடங்களில் பிள்ளைகளின் நினைவாற்றலும் கவனமும் கூடுதலாக முன்னேறியிருந்தன. அந்த முன்னேற்றத்தில் ஒரு பகுதிக்குக் காரணம், வாகனப் புகை குறைவாக இருந்தது என்றும் கண்டார்கள். மானியத்துக்கு விண்ணப்பம் எழுதும்போது இதைச் சேர்த்துக்கொள். "மக்கள் நலன் கருதி" என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட அதிகாரி கண்ணில் படும்.

இப்போது செய்ய வேண்டியது, அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எஸ்டிமேட் நகலை எனக்கு அனுப்பு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதற்கு வருஷத்துக்கு எவ்வளவு பராமரிப்பு ஆகும் என்று ஒரு கட்டம் போட்டுத் தருகிறேன். அந்தக் கட்டம் காலியாக இருக்கிற எதற்கும் நீ பணம் விடாதே, பொருளாளர் கையெழுத்து இல்லாமல் காசோலை போகாது என்பதை மறந்துவிடாதே. உங்கள் தலைவர் கோபித்துக்கொண்டால், கணக்குப் பார்க்க ஒரு கிழவி இருக்கிறாள், அவள்தான் கறார் என்று என் மேல் பழியைப் போட்டுவிடு.

அன்புடன்,
வசந்தி