வாய்க்காலைத் தாண்டாத கட்டடக்கலை நடைப்பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், வழிகாட்டியோடு நடந்து புதுச்சேரியின் பழைய கட்டடங்களைப் பார்க்கும் நடைப்பயணங்களைப் பற்றி எழுதியவர், 'எல்லாம் ஒன்றுதான், கட்டணம் குறைந்ததைப் பாருங்கள்' என்று முடித்துவிட்டார். அந்த வரி இன்னும் உறுத்துகிறது.

பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவன் நான். போன கோடையில் குடும்பத்தோடு அப்படி ஒரு நடைப்பயணத்துக்குப் பணம் கட்டினோம். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி என்று நிறுத்தி நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார் வழிகாட்டி. பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டவே இல்லை. கேட்டால், "அந்தப் பக்கம் என்ன சார் இருக்கு, பழைய வீடுங்கதான்" என்கிறார்.

மறுநாள் நாங்களே தமிழ்ப் பகுதியில் உள்ள வைசியாள் வீதிக்குப் போனோம். கீழே தூண் வைத்த தாழ்வாரமும் திண்ணையுமாகத் தமிழ் வீடு, அதே சுவர் மேலே ஏறினால் பிரெஞ்சு ஜன்னல். ஒரு வீட்டம்மா உள்ளே கூப்பிட்டு மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய பாணித் தளக் கூரையைக் காட்டினார். தேக்கு உத்தரங்களின் மேல் சன்னச் செங்கல்லைக் குத்துவாட்டில், சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்டிருக்கிறது. மேலே கசிந்தால் சுவருக்குள் இருக்கும் உத்தர முனைதான் முதலில் மக்கும்; வெளியே தெரியாது. 1871-இல் கட்டி முடித்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக் கால நகராட்சி அலுவலகம்) 2014 மழையில் இடிந்து விழுந்த ஊரில், ஒரு வழிகாட்டி இதைச் சொல்ல வேண்டாமா?

எங்கள் நீலகிரி மலையிலும் இதே கதைதான். சென்னை செனட் மண்டபத்தை வடிவமைத்த ராபர்ட் சிஷோம்தான் ஊட்டியின் நீலகிரி நூலகத்தையும் வடிவமைத்தவர். அதன் வாசலில் வேனை நிறுத்துகிறவர்கள் சினிமா ஷூட்டிங் கதை சொல்கிறார்கள். அதே ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் லால் மகாலைப் பிரித்துக் கொண்டுவந்தவை. அண்ணாந்து பாருங்கள் என்று சொல்ல ஆளில்லை. மூங்கிலை வளைத்துப் பிரம்பால் கட்டிய தோடர் வீட்டின் முன் செல்ஃபியோடு சரி. தங்கள் இதழிலும் மே மாதம் வந்தால் மலர்க் கண்காட்சிதான். இந்தக் கட்டடங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்கி நான் பார்த்ததில்லை. தங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்? அதனால்தான் வருத்தம் அதிகம்.

அடுத்த முறை கட்டண விவரத்தோடு, பணம் கட்டுமுன் கேட்க வேண்டியதையும் கட்டம் கட்டிப் போடுங்கள்: வாய்க்காலின் இரண்டு பக்கமும் உண்டா, ஒரு வீட்டுக்குள்ளாவது போக அனுமதி வாங்கியிருக்கிறார்களா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், வெயில் ஏறுமுன் முடியுமா. மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவர்சியர்,
குன்னூர்.