மல்லிகை விவசாயிகளின் வீடுகளில் தங்கும் பூச்சிமருந்து எச்சத்தைப் பரிசோதிக்கக் கோரி மாவட்ட ஆட்சியருக்கு மனு

அனுப்புநர்:
மல்லிகை சாகுபடி செய்வோர் மற்றும் பூவெடுக்கும் பெண்கள்,
செல்லம்பட்டி ஒன்றியம், உசிலம்பட்டி வட்டம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மதுரை மாவட்டம், மதுரை.

பொருள்: விவசாயக் குடும்பங்களின் வீடுகளிலும் கிணறுகளிலும் பூச்சிமருந்து எச்சத்தைப் பரிசோதித்தல், காலி மருந்து பாட்டில்களையும் மிச்ச மருந்தையும் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊரின் மல்லிகைக் குடும்பங்கள் சார்பில் இந்த மனுவை எழுதும் நான், 60 சென்ட் நிலத்தில் 14 ஆண்டுகளாக மல்லிகை வைத்திருப்பவள். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2013-ஆம் ஆண்டில் எங்கள் தெருவில் பொங்கல் வைத்துக் கொண்டாடினோம். அந்தப் பூவால்தான் என் மகளைப் படிக்க வைத்தேன். அதை நான் குறை சொல்ல வரவில்லை. பூவுக்கு அடிக்கும் மருந்து எங்கள் வீட்டுக்குள் எவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அரசு ஒருமுறை அளந்து சொல்ல வேண்டும் என்பதே எங்கள் முதற்கோரிக்கை.

மல்லிகைக்கும் மற்றப் பயிர்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டுகிறேன். நெல்லிலோ கத்தரியிலோ கடைசியாக மருந்து அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மருந்துச் சீட்டிலேயே போட்டிருக்கிறது. மல்லிகையில் அப்படிக் காத்திருக்க வழியில்லை. மொட்டு தினமும் பருவத்துக்கு வருகிறது; மலர்வதற்கு முன் எடுத்து, விடிவதற்குள் சந்தைக்கு அனுப்பாவிட்டால் விலை போகாது. மொட்டுப்புழுவுக்கும் சிலந்திப்பேனுக்கும் மாலையில் மருந்து அடித்துவிட்டு, மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அதே செடிக்குள் இடுப்பளவு நுழைந்து வெறுங்கையால் மொட்டெடுக்கிறோம். இலையில் பனி இறங்கியிருக்கும்; கை முழங்கை வரை நனையும். எடுத்த மொட்டைச் சேலை மடியில் கட்டிக்கொள்கிறோம். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பி, அதே சேலையோடு அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளையை அதே மடியில் போட்டுப் பால் கொடுக்கிற பெண்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். மருந்து இவ்வளவுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்ற எச்ச வரம்பு உணவுப் பொருட்களுக்குத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. மடியில் கட்டுகிற பூவையும், அதை எடுக்கிற கையையும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

சென்ற பங்குனியில் என் பேரன், இரண்டு வயதுக் குழந்தை, நண்பகலில் திடீரென்று வாந்தி எடுத்தான். வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது. கண்ணின் கருமணி கடுகளவு சுருங்கிவிட்டது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் கண்ணைப் பார்த்ததும் "வீட்டில் மருந்து இருக்கிறதா?" என்று கேட்டார். நஞ்சை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டு நான்கு நாள் வைத்திருந்து பிழைக்க வைத்தார்கள். குழந்தை மருந்தைக் குடிக்கவில்லை. மருந்து பாட்டிலின் மூடியை எடுத்து வாயில் வைத்து விளையாடியிருக்கிறான். ஒரு டேங்குக்கு இரண்டு மூடி என்று நாங்கள் அளந்து ஊற்றுகிற அதே மூடி, திண்ணையில் கிடந்திருக்கிறது.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று என் வீட்டை முதன்முறையாக வேறு கண்ணோடு பார்த்தேன். தெளிப்பான் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் குழாய் முனையிலிருந்து வடிந்த சொட்டு, தரையில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பாகக் காய்ந்திருந்தது. மருந்தடித்த கைலியும் சட்டையும் குழந்தையின் தொட்டில் துணி காயும் அதே கொடியில் தொங்கின. எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் பாட்டில், ஒரு காலத்தில் மருந்து பாட்டில். பரணில் பாதி தீர்ந்த மானோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது. அதன் 36 சதக் கரைசலை மத்திய அரசு 2023-இல் தடை செய்துவிட்டது என்பதே அதன் பிறகுதான் எனக்குத் தெரியும். இவற்றில் எங்கள் கவனக்குறைவும் உண்டு என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். 'மருந்து' என்றே சொல்லிப் பழகியதால், அதை வீட்டுக்குள் வைப்பதில் எங்களுக்குக் கூச்சமே இருந்ததில்லை.

வயலில் விழுந்த மருந்தை வெயிலும் மழையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த மூன்றும் மிகக் குறைவு. காலோடும் துணியோடும் வருகிற தூசி, பாயிலும் தரை விரிசலிலும் நீண்ட நாள் தங்கிவிடுகிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கிற பிள்ளைக்குத்தான் அது அதிகம் சேரும். எங்கள் மாமனார் காலத்தில் டி.டி.டி., பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பொடிகளைக் கையாலேயே தூவியிருக்கிறார்கள். விவசாயத்தில் டி.டி.டி. 1989-லும், பி.எச்.சி. 1997-லும் நிறுத்தப்பட்டாலும், மண்ணில் பல்லாண்டு நிலைத்து நிற்கக்கூடியவை அவை. எங்கள் தோட்டக் கிணறுகளில் பெரும்பாலானவை திறந்த கிணறுகள். டேங்கை நிரப்புவதும் கழுவுவதும் கிணற்று மேட்டில்தான். கழுவிய நீர் வாய்க்காலில் இறங்குகிறது, மாடு அதில்தான் வாய் வைக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, மானோகுரோட்டோபாஸ் ஒரு லிட்டரில் 1 மைக்ரோகிராமுக்கு மேலும், குளோர்பைரிபாஸ் என்ற இன்னொரு பூச்சிமருந்து 30 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொன்னார்கள். மருந்து எவ்வளவு என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.

எனவே, ஒன்றியத்துக்குச் சில ஊர்களையாவது தேர்ந்து, வீட்டுத் தரைத் தூசி, தோட்டக் கிணற்று நீர், தாய்மார் பூவெடுக்கக் கட்டிய சேலைத் துணி ஆகியவற்றில் மாதிரி எடுத்து, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம் போன்ற தகுதியுள்ள ஆய்வகத்தில் சோதிக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். முடிவு எதுவாக இருந்தாலும், தமிழில், அந்தந்த வீட்டாரிடமே சொல்லப்பட வேண்டும்.

இரண்டாவது, காலி பாட்டில்கள். 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் 44-ஆவது விதி, காலிக் கலன்களை மீண்டும் பயன்படாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்க வேண்டும் என்றும், நீரும் சூழலும் கெடாமல் அப்புறப்படுத்துவது தயாரிப்பாளருக்கும் கடமை என்றும் சொல்கிறது. 60 சென்ட் வைத்திருப்பவள் குடியிருப்புக்கு அப்பால் எங்கே போய்ப் புதைப்பது? எல்லாரும் ஓடையில்தான் எறிகிறார்கள். சிலர் அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள், அந்தப் புகை அதைவிடக் கொடிது. மருந்து விற்கும் கடையிலேயே மூன்று முறை கழுவிய காலி பாட்டிலையும் மூடியையும் திரும்பப் பெற்று, உற்பத்தி நிறுவனங்களின் செலவில் அப்புறப்படுத்த ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு பாட்டிலுக்குச் சில ரூபாய் முன்பணமாகப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தால், ஓடையில் கிடப்பதையும் பிள்ளைகளே பொறுக்கிக்கொண்டு வரத் தொடங்குவார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு. ஆகவே முன்பணம் வாங்கிய பெரியவரிடமே பாட்டிலைப் பெறும்படி விதி இருக்க வேண்டும். இதோடு சேர்த்து, தடை செய்யப்பட்டும் பரண்களில் தூங்குகிற பழைய மருந்துகளை, கேள்வி கேட்காமலும் வழக்குப் போடாமலும் வாங்கிக்கொள்ள ஒரு முகாம் நடத்த வேண்டும். என் பரணில் இருக்கும் அந்தப் பாதி பாட்டிலை நான் ஓடையில் ஊற்ற விரும்பவில்லை. வாங்கிக்கொள்ளவும் யாரும் இல்லை.

மருந்து தெளிப்போருக்கு மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று அதே விதிகள் கூறுகின்றன. மானோகுரோட்டோபாஸ் போன்ற ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்தின் பாதிப்பை, இரத்தத்தில் கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியின் அளவைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்று மருத்துவர் எனக்கு விளக்கினார். கூலிக்கு மருந்தடிப்பவருக்கும், பூவெடுக்கும் பெண்களுக்கும், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும், ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக அந்தப் பரிசோதனை கிடைக்கச் செய்ய வேண்டும். மொட்டுப்புழுவை மருந்தைக் குறைத்துக் கட்டுப்படுத்தும் முறைகளை, ஒத்தக்கடையில் இருக்கும் வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்து எங்கள் தோட்டத்திலேயே செய்து காட்டினால் பின்பற்றத் தயாராக இருக்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு ஆண்களை மட்டும் அழைக்காமல், பூவெடுப்பும் வீட்டு வேலையும் முடிகிற பத்து மணிக்கு மேல் வைத்தால் பெண்களும் வர முடியும்.

மாதிரி எடுக்க வருவோருக்கு எங்கள் தெருவில் வீட்டைத் திறந்துவிட 11 குடும்பத்தார் சம்மதித்து, அடுத்த பக்கத்தில் கையொப்பமும் கைநாட்டும் இட்டுள்ளனர். முதல் வீடாக என் வீட்டை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர் மற்றும் கையொப்பமிட்டோர்,
உசிலம்பட்டி வட்டம்.