கையெழுத்து வைக்கும் முன்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மகளுக்கு,

மச்சான் அனுப்பிய கடதாசியின் படத்தைப் பார்த்தேன். இப்போதைக்கு நீ அதில் கையெழுத்து வைக்க வேண்டாம். காலமான பெரிய மாமி, உன் அப்பாவின் சகோதரி, தன் சொத்து முழுவதையும் அவனுக்கே எழுதிவைத்தார், அதில் உனக்கு ஆட்சேபம் இல்லை என்று அது சொல்கிறது. மரணசாதனத்தை, அதாவது உயிலை, கண்ணாலும் காணாத நீ, ஆட்சேபம் இல்லை என்று எப்படி எழுதிக் கொடுப்பாய்?

காணிக்காகச் சொந்தங்களைப் பகைப்பதா என்று கேட்டாய். காட்டுங்கள் என்று கேட்பது பகையல்ல, பிள்ளை. மாமிக்குப் பிள்ளைகள் இல்லை, கணவரும் முன்னமே போய்விட்டார். மரணசாதனம் இல்லாவிட்டால் அவருடைய சொத்து உடன்பிறந்தவர்களுக்குப் போகும். அப்பாவின் பங்கு உனக்கும் தம்பிக்கும் வரும். எனக்கு அதில் ஒரு குழி நிலமும் உரித்தில்லை. நான் கேட்டால், "உங்களுக்கு இதில் என்ன?" என்கிறார்கள். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.

மரணசாதனம் அலுமாரிக்குள் பூட்டி வைக்கும் பொருளல்ல. வைத்திருப்பவர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். அதை நிறைவேற்றுபவராக அதில் பெயரிடப்பட்டவர் மனுச் செய்து, பத்திரிகையில் அறிவித்தல் வந்து, ஆட்சேபம் உள்ளவர்களுக்குத் தவணை கொடுத்த பிறகே அவருக்கு அதிகாரம் கிடைக்கும். மச்சான் அப்படி வழக்கு வைத்திருந்தால் வழக்கேட்டிலிருந்து சட்டத்தரணி மூலம் பிரதி எடுக்கலாம். வைக்காவிட்டால், எந்த அதிகாரத்தில் வீட்டை வாடகைக்குக் கொடுத்தான் என்று அவன் சொல்லட்டும்.

பிரதி கிடைத்ததும் முதலில் திகதியையும் சாட்சிகளையும் பார்க்க வேண்டும். பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதியதென்றால் இரண்டு சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து பேர் வேண்டும். கடைசிக் காலத்தில் மாமி என்னையே யாரென்று கேட்டார். அந்த நாட்களில் எழுதியதாக இருந்தால் யார் கூட்டிப்போனார்கள், அவருக்கு விளங்கியதா என்று நீதிமன்றத்தில் கேட்கத்தான் வேண்டும். நல்ல நினைவோடு இருந்தபோது எழுதியிருந்தால் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. தன்னுடையதைத் தான் விரும்பியவருக்கு எழுத 1844ஆம் ஆண்டின் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் அவன்தான், அதையும் நான் மறக்கவில்லை.

ஆனால் தன்னுடையதைத்தான் எழுதலாம். கோப்பாய் வீடு மாமியின் சீதனம், அதில் கேள்வி இல்லை. தோட்டக்காணி அவர் கணவருக்குப் பரம்பரையாக வந்த முதுசம் என்றுதான் அப்பா சொல்லுவார். அப்படியென்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அதில் கணவர் பக்கத்தவருக்கும் உரித்து இருக்கலாம். 1995இல் போரால் இடம்பெயர்ந்தபோது மாமி உடுப்பை விட்டுவிட்டு, காணிப் பத்திரங்களான உறுதிகள் வைத்த பெட்டியைத்தான் சாவகச்சேரிக்குச் சுமந்தார். அந்தப் பெட்டி இப்போது எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது பதிவேடு, பார்த்து உறுதிகளின் பிரதி எடுக்க நானே போகிறேன்.

நகை, வங்கிப் பணம், வாடகை எல்லாவற்றுக்கும் நிறைவேற்றுபவர் பெறுமதியோடு பட்டியல் கொடுத்து, பின்னர் கணக்கும் காட்ட வேண்டும். மரணசாதனம் உண்மையானதாக இருந்தாலும் அந்தக் கடமை போகாது.

"பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடாதே. மற்றவர்களின் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் எதிரிடையாக ஒருவர் ஆண்டால் காணிக்கு உரிமை கோர இங்கே சட்டம் இருக்கிறது. உடன்பங்காளிகளுக்கிடையில் அது இலகுவில் செல்லாது என்றாலும், அதை நிறுவ நாங்கள் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும்.

மச்சானுக்கு மரியாதையாக எழுது. மரணசாதனத்தின் பிரதியும் வழக்கு இலக்கமும் வேண்டும், பார்த்த பிறகு பதில் சொல்கிறேன் என்று மட்டும் எழுது. உன் பிறப்புச் சான்றிதழின் பிரதியை எனக்கு அனுப்பு. அப்பாவின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் என்னிடம் இருக்கின்றன. தம்பிக்கும் அதே கடதாசி வந்திருக்கும், இன்றைக்கே அவனோடு பேசு.

அன்புடன்,
அம்மா