நான்கு குழி தோண்டி வரைந்த மண் வரைபடம்

பெறுநர்: மேலாளர், மண் ஆய்வுப் பிரிவு
பொருள்: தவறான மண் சத்து வரைபடத்தால் ஏற்பட்ட பயிர் இழப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

நிபோங் திபால் அருகே இரண்டு ஏக்கரில் மிளகாயும் கத்தரியும் பயிரிடுகிறேன். பிப்ரவரியில் 800 ரிங்கிட் கட்டி உங்களிடம் மண் சத்து வரைபடம் வாங்கினேன். உரம் விற்கிற விலையில், எங்கே எதைக் குறைக்கலாம் என்று தெரிந்தால் போதும் என்றிருந்தேன். அந்த வரைபடத்தை நம்பியதால் மேட்டுப் பகுதி மிளகாய் முழுவதும் வளராமல் நின்றுவிட்டது.

மண் எடுக்க வந்த தம்பி அரை மணி நேரத்தில் நான்கே குழி தோண்டிவிட்டுப் போனார். அதில் ஒன்று கோழி எருக் குவியலிலிருந்து இரண்டு முழம் தள்ளி. "அங்கே வேண்டாம் தம்பி" என்றேன். "கைப்பேசி இந்த இடத்தைத்தான் காட்டுகிறது ஐயா" என்றார்.

அந்த ஒரு குழியின் கணக்குதான் வரைபடத்தில் மேட்டுப் பகுதி முக்கால் ஏக்கருக்கும் கரும்பச்சையாகப் பரவியிருக்கிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) கிலோவுக்கு 92 மில்லிகிராம், கார அமில நிலை (pH) 6.4. எனவே மணிச்சத்து உரமும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்தேன். நட்டு ஆறு வாரம் ஆகியும் செடி ஒரு சாண் தாண்டவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் விரல் நீளம்தான். அடியிலைகளின் பின்புறம் ஊதா படிந்திருந்தது.

பிறகு அதே மேட்டில் வளைந்து வளைந்து நடந்து, எருக் குவியலையும் வரப்பையும் மர நிழலையும் விட்டுவிட்டு, 15 இடங்களில் 20 சென்டிமீட்டர் ஆழம்வரை நானே மண் எடுத்தேன். வாளியில் கலந்து அரைக் கிலோவை வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். மணிச்சத்து 7, கார அமில நிலை 4.7 என்று வந்தது. இவ்வளவு அமிலம் ஏறிய மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், வேருக்கு விடாது. அமிலத்தைக் குறைக்கச் சுண்ணாம்புதான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

மேட்டில் முன்பு தென்னை நின்றது. வாய்க்கால் ஓரத் தாழ்வு அப்பா காலத்தில் நெல் வயல். நடுவே பல ஆண்டுகளாக எரு கொட்டிக் காய்கறி போட்ட இடம். மூன்றும் மூன்று மண். இதை யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. நான்கு புள்ளிகளுக்கு நடுவே கணினி நிறத்தை நிரப்பிவிடும். ஆனால் அந்த நிறத்துக்குக் கீழே நீங்கள் ஒரு பிடி மண்கூட எடுக்கவில்லை. பெரிய தோட்டக்காரருக்கு முக்கால் ஏக்கர் ஓர் ஓரம். எனக்கு அது இந்தப் பருவத்தின் வருமானம்.

ஆகவே 800 ரிங்கிட்டைத் திருப்பித் தரவேண்டும். மூன்று பகுதிகளிலும் தனித்தனியே, நான் உடனிருக்கும்போது, பகுதிக்கு 15 இடமாவது மண் எடுத்துக் கட்டணமின்றி மறு ஆய்வு செய்து தரவேண்டும். வீணாய்ப்போன நாற்றுக்கும் கூலிக்கும் ரசீது இணைத்துள்ளேன். அந்தத் தொகையும் வேண்டும். இதே முறையில் வரைபடம் வாங்கிய மற்றச் சிறு விவசாயிகளுக்கு, அடுத்த உரம் போடுவதற்குள் தகவல் சொல்லிவிடுங்கள்.

14 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். எருக் குவியலை இன்னும் அள்ளவில்லை. நீங்கள் தோண்டிய குழியில் கம்பு நட்டு வைத்திருக்கிறேன். அன்று வந்த தம்பியையே அழைத்து வாருங்கள்.

இப்படிக்கு,
நிபோங் திபால் காய்கறி விவசாயி