உன் தொட்டி மீன்களும் என் பேத்தியின் மூக்கும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ராத்திரி ஏது, பகல் ஏது? பேத்தி நல்ல துறுதுறுப்பு. மூக்கு மட்டும் எங்கள் குடும்பத்து மூக்கு, பாவம்.

சரி, உன் கோய் மீன்களுக்கு, அதாவது அந்த ஜப்பான் வண்ணக் கெண்டைகளுக்கு, வருகிறேன். ரெண்டு வருஷமாகியும் ஒரு சாண் தாண்டவில்லை, கடையில் மட்ட ரகத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பொரிந்து தள்ளியிருக்கிறாய். இருக்கலாம். ஆனால் என் கதையையும் கேள்.

ஐந்து வருஷம் முன்னால் ஒரே ஈட்டுக் குஞ்சு எட்டு வாங்கினேன். ஐந்தை மொட்டைமாடித் தொட்டியில் விட்டேன். மூன்றை மச்சான் கேட்டான் என்று கொடுத்தேன். அவன் தோப்புக்குள் ஆளுயரத்துக்குக் குட்டை வெட்டி வைத்திருந்தான். மூன்றாம் வருஷப் பொங்கலுக்குப் போனபோது வலையில் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். முழங்கையில் வால், விரல் நுனியில் வாய்! என்னுடையது அதில் பாதிகூட இல்லை. நானோ வளரட்டும் என்று தீனியை ரெண்டு மடங்காக்கியிருந்தேன். ஊர் திரும்பியதும் டெஸ்ட் கிட் வாங்கி, தொட்டித் தண்ணீரைக் குப்பியில் பிடித்து மருந்து சொட்டினேன். மஞ்சளாகவே நிற்க வேண்டியது, கண்ணெதிரே கரும்பச்சையானது. அம்மோனியா. தின்றதன் கழிவை மீன் செவுள் வழியாகத் தண்ணீரில்தான் விடும். நம் பில்டருக்கு அதைத் தாங்கத் தெம்பில்லை என்றால், போடும் தீனி விஷமாகிறது. வெயில் காலத்தில் தண்ணீர் சூடாகி ஆக்சிஜன் வேறு குறையும். அப்புறம் எங்கே வளர்வது?

ரகமே பொய் என்று சொல்லவில்லை. ஜப்பானில், நீகட்டா மலைக்கிராமங்களில், ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். பொரிந்து வந்த குஞ்சுகளைச் சலித்துச் சலித்துக் கடைசியில் வைத்துக்கொள்வது கொஞ்சம்தான். வளர்ப்பு மீன்களை வெயில் வந்ததும் சேற்றுக் குளத்தில் விட்டு, அக்டோபர் வாக்கில் பிடித்து, பனிக்காலத்துக்கு உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள். உடம்பு பெருக வேண்டுமென்றால் 'மகோய்' என்ற கறுப்புக் கெண்டையின் ரத்தத்தைக் கலப்பதும் உண்டு. பழுப்பு நிற 'சாகோய்' வளர்கிற வேகம் சிவப்பு வெள்ளைக் கோய்க்கு வராது. பெண் மீன் ஆணைவிடப் பெரிதாகும். உன்னிடம் இருப்பது எல்லாமே ஆணோ என்னவோ!

அதோடு ரகம் நல்லதா கெட்டதா என்பதே இடத்தைப் பொறுத்தது. இஸ்ரேலில் மோவாவ், வோல்ஃபார்த் என்ற ஆராய்ச்சியாளர்கள் இருவர் சீனக் கெண்டையையும் ஐரோப்பியக் கெண்டையையும் குளங்களில் வளர்த்துப் பார்த்தார்கள். நல்ல தீனி, நல்ல கவனிப்பு என்றால் ஐரோப்பியன் முந்தியது. எருவை நம்பியிருக்கும் நெருக்கடிக் குளத்தில் சீனக் கெண்டைதான் சமாளித்தது. உன் தொட்டியில் ஜப்பான் ராஜ பரம்பரையை விட்டாலும் அது திணறத்தான் செய்யும்.

இன்னொன்று. விளையும் பயிர் முளையிலே என்பது இங்கே பாதிதான் செல்லும். குஞ்சுப் பருவத்தில் ஒன்றிரண்டு முந்திக்கொண்டு வளர்ந்து, கூடப் பிறந்ததையே விழுங்கும். ஜப்பானில் அதை 'டோபி' என்பார்கள். முதலில் கொஞ்சம் முந்திக்கொண்டதே தீனிப் போட்டியில் பல மடங்காகத் தெரியும். அதே இருவர் வேகமாக வளர்ந்த கெண்டைகளையே ஐந்து தலைமுறை பொறுக்கியும் வளர்ச்சி கூடவில்லை.

ஆகவே இப்போதைக்குப் புது மீன் வாங்காதே. ஆயிரம் லிட்டரில் பதினெட்டு மீன் என்றால் பஸ்ஸில் படிக்கட்டுப் பயணம் மாதிரி. ஆளுக்கு ஆயிரம் லிட்டராவது வேண்டும். அந்தக் கணக்கில் உன் தொட்டிக்கு ரெண்டே அதிகம்தான், ஆனாலும் ரெண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்பவர்களுக்குக் கொடு. அதற்காகச் சின்னதை மட்டும் தள்ளிவிடாதே, அதிலும் பெண் இருக்கக்கூடும். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீரை மாற்று. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக்கிவிட்டு ஊற்று.

அடுத்த மாதம் உன் பக்கம் வருகிறேன், டெஸ்ட் கிட்டோடு. அதுவரை தீனியை அள்ளிப் போடாதே. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன்
ராமு