கதவு கொடுத்த பாட்டிக்கும் கைகொடுத்த எல்லாருக்கும்

சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மழை எங்கள் மேடையை என்ன பாடு படுத்தியது என்று ஊருக்கே தெரியும். அதை மறுபடி சொல்லப்போவதில்லை. சொன்ன தேதியில், சொன்ன மணிக்கு நாடகம் ஏறிவிட்டது. அந்தப் படபடப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கித்தான் கொடுத்த தவுக்கே (சீன முதலாளி), பள்ளி மண்டபத்தைத் திறந்துவிட்ட தலைமையாசிரியர், ஜெனரேட்டரை லாரியில் ஏற்றி வந்த பட்டறை அண்ணன், விடிய விடியப் பலகை அடித்த கோயில் இளைஞர்கள், கேட்காமலே நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்த மலாய்க்கார மக்சிக், உங்கள் எல்லாருக்கும் நன்றி. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கடைசி வீட்டுப் பாட்டியைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும்.

சுவர், சன்னல், மாடிப்படி எல்லாவற்றையும் துணியில் வரைந்து ஒப்பேற்றிவிடலாம். கதவை முடியாது. பேய் பங்களா நாடகத்தில் பாதிச் சிரிப்பு கதவில்தான் இருக்கிறது. அது கிறீச்சென்று மெதுவாகத் திறக்க வேண்டும், சனம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் உள்ளேயிருந்து தோட்டத்துக் கணக்கர் கிராணி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வரும்போது மண்டபம் அதிரும். ஒட்டுக்கடையில் நான் இப்படிப் புலம்பியது எப்படியோ பாட்டி காதுக்குப் போயிருக்கிறது. சனிக்கிழமை காலை ஆள் விட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், தன் வீட்டு வாசற்கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறார்! பச்சைச் சாயம் உரிந்த பலகைக் கதவு. மேலே மஞ்சள், குங்குமம். கை படும் இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது.

“எண்ணெய் மட்டும் விட்டுறாத தம்பி. ராத்திரியில எனக்கு அந்தச் சத்தந்தான் காவல்” என்றார்.

அன்று ராத்திரி அவர் வாசலில் ஒரு கைலிதான் தொங்கியது.

என்ன கதை என்று கேட்டார். செத்துப்போன தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பேயாக வருகிறார் என்றேன். “துரையா? உசுரோட இருந்தப்பவே லயத்துப் பக்கம் எட்டிப் பாக்கல, செத்தப்புறமா வரப்போறாரு?” அதை அப்படியே கங்காணி வாயில் போட்டோம். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்த வசனம் அதுதான். கைதட்டலும் பாட்டிக்கே சேர வேண்டியது.

ஆனால் அவர் சொன்னது என்னை விடவில்லை. நம் பேராக் மாநிலத்தில் பேய் பங்களா என்றால் பத்து காஜா கெல்லி கோட்டைதான். அதைக் கட்டிய தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை பாதியில் நின்றுவிட்டது. அங்கே உலவுவதாகச் சொல்லப்படுவதும் துரையும் அவர் குடும்பமும்தான். அதைக் கட்ட வந்த நம் ஆட்களில் பலர் நோயில் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழுந்த கதையும் அதுதான். அவர்களில் ஒருவர்கூடப் பேயாக வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சரி, அடுத்த நாடகத்தில் பேய் நம் லயத்து ஆள்தான். சம்பள பாக்கி கேட்டு வரும். இது சத்தியம்.

கதவை மறுநாளே மாட்டிவிட்டோம். சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று பாட்டிக்கு எங்கள் மேல் சந்தேகம். நாங்கள் எண்ணெய் விடவே இல்லை, பாட்டி!

இப்படிக்கு,
நாடகக் குழு சார்பில்