லாரியில் கடைசியாக ஏறுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய சாமான் பட்டியலை அம்மாவும் நானும் படித்தோம். எந்தப் பெட்டியில் எது என்று அழகாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் வேளச்சேரி வீட்டில் நின்றுகொண்டு எழுதியிருக்கிறாய். கோவையில் சரவணம்பட்டி வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் என்ன வேண்டும் என்று யோசி. வங்கி வேலையில் ஊர் ஊராக மாற்றலாகிச் சாமான் கட்டியவன் என்பதால் சொல்கிறேன்.

லாரியில் கடைசியாக ஏறுவதுதான் முதலில் இறங்கும். பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் கேபின் பக்கம் போகட்டும். மெத்தை, வாளி, துடைப்பம், ஒரு பெட்டிப் பாத்திரம் ஆகியவை கதவோரம் இருக்க வேண்டும். ஏற்றுகிறவர்கள் தங்கள் வசதிக்குத்தான் அடுக்குவார்கள். ஆகவே மாப்பிள்ளையைக் கீழே லாரியருகே நிற்கச் சொல், நீ மேலே வீட்டில் நில். கட்டிலைக் கழற்றினால் திருகாணிகளைத் துணிப்பையில் போட்டுக் கட்டில் காலிலேயே கட்டிவிடு. ‘பத்திரமாக’ வேறெங்கோ வைத்தால் அன்றிரவு எல்லோரும் தரையில்தான்.

ஃபிரிட்ஜை முந்தின நாள் மாலையே அணைத்துவிடு. பனி உருகித் தண்ணீர் வடிய நேரம் வேண்டும். நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும்; இறக்கியவுடன் போடாமல் சில மணி நேரம் விட்டுவை. இன்வெர்ட்டர் பேட்டரியையும் சாய்க்கக் கூடாது, அதில் அமிலம் இருக்கிறது. ஏ.சி.யைக் கழற்ற மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து மூடிவிட்டுத்தான் குழாயைக் கழற்றுவார். சுமைக்காரர் குழாயை வெட்டினால் கேஸ் அத்தனையும் போய்விடும், புதிதாக நிரப்பப் பணம் நீதான் கொடுக்க வேண்டும்.

சமையல் சிலிண்டரை லாரியில் ஏற்றாதே. ஊர் மாறுவதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் உன் ஏஜென்சியில் ஒப்படைத்து, டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கொள். கட்டிய முன்பணம் திரும்பக் கிடைக்கும். கோவையில் வவுச்சரைக் காட்டி, அங்கு முன்பணம் கட்டி இணைப்பு வாங்கலாம். அடுப்பு உன்னுடையது, அதை மட்டும் கட்டு.

ஆக, வந்த அன்று கேஸ் இருக்காது. பால் காய்ச்ச இண்டக்‌ஷன் அடுப்பையும் அதற்கேற்ற பாத்திரத்தையும் ரயிலில் கையோடு கொண்டு வா. அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. தீ இல்லாமல் என்ன பால் காய்ச்சுவது என்கிறாள். பால் பொங்கினால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

வியாழக்கிழமை மாலைக்குள் ஏற்றி அனுப்பிவிட்டு, நீங்கள் இருவரும் இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத்தான் ஆரம்பம், அதற்குள் பால் காய்ச்சிவிடலாம். லாரி எப்போது வந்தாலும் சரி, அதற்கு ராகு காலம் கிடையாது.

ஐப்பசி மழையை மறந்துவிடாதே. சென்னையிலும் பெய்யும், கோவையிலும் பெய்யும். திறந்த லாரியில் தார்ப்பாய் போட்டு வருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதே, மூடிய கண்டெய்னர் வண்டியாகக் கேள். மாடி ஏற்றுவதும் கட்டில் பூட்டுவதும் பேசிய தொகையில் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்கு. பாதி வழியில் கூடுதல் கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டிகளுக்கு எண் போட்டு, ஏற்றும்போதும் இறக்கும்போதும் சரிபார். நகை, சான்றிதழ், மாத்திரை எதுவும் லாரிக்குப் போகக் கூடாது.

சாவியைக் கொடுக்கும் முன் மின்சார மீட்டரைப் படம் பிடித்து வீட்டுக்காரருக்கு அனுப்பு. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். நடுவில் காலி செய்கிறவர்களுக்குத்தான் சண்டை வரும். காலி அறைகளையும் அப்படியே படம் பிடி, முன்பணம் திரும்ப வரும்போது பேச்சுக்கு இடமிருக்காது. இரண்டு வீட்டுச் சங்கத்திலும் லிஃப்டில் சாமான் ஏற்ற எந்த நேரம் அனுமதி என்று இப்போதே கேட்டுவை.

நாங்கள் வியாழக்கிழமையே திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாக பஸ்ஸில் வந்துவிடுகிறோம். வீட்டைக் கூட்டித் துடைத்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து வைக்கிறேன். சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் எழுது. லாரி எண்ணையும் ஓட்டுநரின் கைப்பேசி எண்ணையும் வண்டி கிளம்பியதும் எனக்கு அனுப்பு. இட்லிக்கு அம்மா மாவு கொண்டுவருகிறாள். நீ ஃபிரிட்ஜில் இருப்பதைப் புதன்கிழமைக்குள் தீர்த்துவிடு.

அன்புடன்,
அப்பா